எங்கள் அலுவலக கேண்டீனை ஒப்பந்தத்திற்கு விடப் போகிறார்கள்: ஊழியர் தரப்பு எதைக் கேட்க வேண்டும்?

ஊழியர் மன்றப் பிரதிநிதி, சென்னை

அன்பர்களுக்கு வணக்கம். சென்னையில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஊழியர் தரப்பின் சார்பில் மன்றக் கூட்டங்களில் கலந்துகொண்டு வருகிறேன். ஏறத்தாழ நானூறு பேர் பணியாற்றும் எங்கள் கட்டடத்தில் துறையே நடத்தும் கேண்டீன் ஒன்று நெடுங்காலமாக இயங்கி வருகிறது. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாததால் இப்போது ஒரு சமையலரும் ஒரு எழுத்தரும் ஒரு பரிமாறுபவரும் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். காலைச் சிற்றுண்டி நின்றுவிட்டது. மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் கிடைக்கின்றன. அவையும் ஒரு மணிக்குள் தீர்ந்துவிடுவதால் பிற்பகல் உணவு இடைவேளைக்கு வருபவர்கள் வெளியே சாலையைக் கடந்து போக வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் கேண்டீனை வெளியார் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் விட நிர்வாகம் தீர்மானித்து, ஒப்பந்தப்புள்ளியின் வரைவை எங்கள் கருத்துக்கு அனுப்பியுள்ளது. இடமும் தண்ணீரும் இலவசம். மின்சாரமும் எரிவாயுவும் ஒப்பந்ததாரர் பொறுப்பு. பதினெட்டுப் பண்டங்களுக்கு விலை கேட்டு, மொத்தத் தொகை யாருக்குக் குறைவாக வருகிறதோ அவருக்கே ஒப்பந்தம். குறிப்பிட்ட விலை இரண்டு ஆண்டுகளுக்கு மாறக் கூடாது. அங்கே வேலை செய்யப்போகும் பணியாளர்களைப் பற்றி, நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டங்களை ஒப்பந்ததாரர் பின்பற்ற வேண்டும் என்ற ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

சக ஊழியர்களில் பெரும்பாலோர் சூடான சாப்பாடு கிடைத்தால் போதும் என்கிறார்கள். சிலர் ஒப்பந்த முறையையே அடியோடு எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் நிற்கிறேன். அந்த ஒற்றை வரிதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற நிர்வாக அலுவலர்

நண்பருக்கு, முதலில் இப்போதுள்ள மூன்று பேரின் நிலையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசு அலுவலகங்களில் துறையும் கூட்டுறவும் நடத்திய, சட்டப்படி கட்டாயமில்லாத கேண்டீன்களிலும் சிற்றுண்டி அறைகளிலும் பணியாற்றியவர்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 1991 அக்டோபர் 1 முதல் அரசு ஊழியர்களாக ஏற்கப்பட்டனர். அதற்கான ஆணை 1992 சனவரியில் வந்தது. ஆகவே அந்த மூவரும் உங்களையும் என்னையும் போன்ற அரசு ஊழியர்களே. அவர்களை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்க முடியாது. அலுவலகத்திலேயே வேறு பணியில் அமர்த்த வேண்டும் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

அன்று அந்த ஆணை வந்தபோது எத்தனை குடும்பங்கள் தலைநிமிர்ந்தன என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவன். ஆயினும் அதன் பின்விளைவையும் சொல்ல வேண்டும். பரிமாறுபவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் ஊதியக்குழு பரிந்துரைத்த ஊதியமும் ஓய்வூதியமும் வந்தபின், ஒவ்வொரு இடம் காலியாகும்போதும் அதை நிரப்ப நிதிப் பிரிவின் ஒப்புதல் பெறுவது கடினமாகிக்கொண்டே போனது. உங்கள் கேண்டீனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது, ஆண்டுக்கணக்கில் எவரும் கையெழுத்திடாமல் கிடந்த அந்தக் கோப்புகள்தாம். இனி அந்தப் பதவிகள் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. எனவே ஒப்பந்தத்தை எதிர்ப்பதில் ஆற்றலைச் செலவிடாமல், வரைவின் நிபந்தனைகளில் கவனம் செலுத்துவதே பயன் தரும் என்பது என் கருத்து.

ரயில்வே தொழிற்சாலைத் தொழிற்சங்கத்தவர்

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பதவிகள் திரும்பி வராது என்ற பாதியை ஏற்க மனம் ஒப்பவில்லை. 1990-இல் எம்.எம்.ஆர். கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரயில்வே கேண்டீன்களை மூன்று வகையாகப் பிரித்தது. தொழிற்சாலைச் சட்டப்படி கட்டாயமாக நடத்தப்படுபவை, கட்டாயமில்லாவிட்டாலும் ரயில்வே வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவை, அங்கீகாரமும் பெறாதவை என்பன அவை. முதல் இரு வகைகளின் தொழிலாளர்கள் ரயில்வே ஊழியர்கள் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. அந்த உரிமை எவரும் இரக்கப்பட்டுத் தந்ததன்று, தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது.

தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு 250-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் கேண்டீனைக் கட்டாயமாக்கியது. அந்தப் பிரிவில் எவரும் அதிகம் கவனிக்காத ஓர் உட்பிரிவு இருந்தது. கேண்டீன் நடத்தும் செலவில் எவையெவை உணவின் விலையில் சேர்க்கப்படாமல் முதலாளியால் ஏற்கப்பட வேண்டும் என்று விதி வகுக்கலாம் என்றது அது. அதன்படி அமைந்த மாநில விதிகளில் கட்டட வாடகை, பாத்திரங்கள், மேசை நாற்காலிகள், தண்ணீர், விளக்கு ஆகியவற்றின் செலவு சாப்பிடுபவர் தலையில் விழாது. லாப நோக்கமின்றி உணவு விற்கப்பட வேண்டும் என்பதும் விதி. மலிவான சாப்பாடு வேண்டுமென்றால் அந்த மலிவுக்கு உரிய பணத்தை நிறுவனம் தர வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. உங்கள் வரைவிலோ மலிவு இருக்கிறது, அதற்கான பணத்தைத் தருபவர் யாரென்று எழுதப்படவில்லை. அப்படியானால் அது யாருடைய கூலியிலிருந்து போகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊழியர் மன்றப் பிரதிநிதி, சென்னை

எங்களுடையது அலுவலகம், தொழிற்சாலை இல்லை. அந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்துமா? ஒப்பந்ததாரரின் பணியாளர்களுக்கு எதிர்காலத்தில் இங்கே ஏதேனும் உரிமை உண்டா? சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தொழிலாளர் சட்ட வழக்கறிஞர், மதுரை

தொழிற்சாலைச் சட்டத்தின் கேண்டீன் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தப் பணியாளர்களின் நிலை குறித்துத் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1995-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கொல்கத்தா அலுவலகக் கேண்டீன்கள் பற்றிய வழக்கில், நடத்துபவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் அதே தொழிலாளர்கள் தொடர்ந்து வேலை செய்ததையும், கேண்டீன் வசதி பணி நிபந்தனையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டதையும் சுட்டிக்காட்டி, அவர்கள் கழகத்தின் ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே, ரிசர்வ் வங்கியின் கேண்டீன் தொழிலாளர்கள் வழக்கில், குழுவும் கூட்டுறவுச் சங்கமும் ஒப்பந்ததாரரும் நடத்திய கேண்டீன்களுக்கு வங்கி மானியம் தந்தது மட்டுமே அவர்களை வங்கி ஊழியர்களாக ஆக்கிவிடாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-இல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, எஃகு ஆணைய வழக்கில், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின், அதாவது வேலையை ஒப்பந்தத்திற்கு விட்ட நிறுவனத்தின், ஊழியர்களாக மாட்டார்கள் என்று முடிவு செய்தது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என மெய்ப்பிக்கப்பட்டால் மட்டும் நிலை வேறு. 2014-இல் ஏர் இந்தியா கேண்டீன் வழக்கில் அந்த அளவுகோல் மேலும் இறுகியது. யார் நியமித்தார், யார் ஊதியம் தந்தார், யார் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார், முழுமையான கட்டுப்பாடு யாரிடம் இருந்தது என்றெல்லாம் ஆராய்ந்து, ஏர் இந்தியாவின் துணை நிறுவனமே கேண்டீனை நடத்தியபோதும் தொழிலாளர்கள் ஏர் இந்தியாவின் ஊழியர்கள் ஆகமாட்டார்கள் என்றது நீதிமன்றம்.

ஆகவே, பிற்காலத்தில் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அந்தப் பணியாளர்களை விட்டுவிட முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்புகளையும் பார்க்க வேண்டும். பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடை செய்கிறது. ஆனால் கேண்டீன் பணியை மையப் பணிகளிலிருந்து வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. எனவே ஒப்பந்தத்திற்கு விடுவதே சட்டவிரோதம் என்ற வாதம் எடுபடாது. மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கு இந்தத் தொகுப்பு பொதுவாகப் பொருந்தாது எனினும், அந்த அலுவலகங்களில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்யும் தொழிலாளர்களுக்குப் பொருந்தும். இதை நிர்வாகத்திடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். ஆயினும் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதிக்கான வரம்பு 1970-ஆம் ஆண்டின் பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேராக இருந்தது இப்போது 50 ஆகியிருக்கிறது. எட்டுப் பேரை வைத்துக் கேண்டீன் நடத்துபவர் தனியாகப் பார்த்தால் அந்த வரம்புக்குள் வரமாட்டார். உங்கள் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள் ஆகியோரையும் சேர்த்து எண்ணினால் ஐம்பது வருகிறதா என்று முதலில் கணக்கெடுங்கள். வராவிட்டால், சட்டம் தராத பாதுகாப்பை ஒப்பந்தப் பத்திரத்தின் நிபந்தனைகள்தாம் தந்தாக வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்திற்கு இத்தகைய எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது. ஒருவர் வேலை செய்தாலும் அது பொருந்தும்.

உணவு ஒப்பந்தத் தொழிலில் இருந்தவர், கோவை

பல அலுவலகங்களில் கேண்டீன் எடுத்து நடத்தியவன் என்ற முறையில், அந்த வரைவைப் படிக்கும் ஒப்பந்ததாரரின் மனத்தில் என்ன கணக்கு ஓடும் என்பதைச் சொல்கிறேன்.

நாளொன்றுக்கு 300 சாப்பாடு விற்கும் என்று வைத்துக்கொள்வோம். சமையல் மாஸ்டர், உதவியாளர், காய் நறுக்குபவர், பாத்திரம் தேய்ப்பவர், டோக்கன் கொடுப்பவர், பரிமாறுபவர்கள் என எட்டுப் பேராவது வேண்டும். குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு எல்லாம் சேர்த்துச் சராசரியாக ஓராளுக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய் என்று எளிய கணக்காக வைத்தால் 7,200 ரூபாய் ஆகிறது. அதாவது ஒரு சாப்பாட்டுக்கு 24 ரூபாய் ஆள்கூலி மட்டுமே. போட்டியில் ஒருவர் சாப்பாட்டை 45 ரூபாய்க்குத் தருவதாக எழுதினால், மிச்சமுள்ள 21 ரூபாயில் அரிசி, பருப்பு, காய், எண்ணெய், வணிகச் சிலிண்டர், மின்கட்டணம், அவருடைய லாபம் எல்லாம் அடங்க வேண்டும். காபியிலும் வடையிலும் கொஞ்சம் தேறும் என்றாலும் அது இந்தப் பள்ளத்தை நிரப்பாது. ஆனாலும் 45 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் எழுதுபவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்றால், அரிசியின் விலையை எவராலும் குறைக்க முடியாது. சிலிண்டர்காரரிடம் பேரம் பேச முடியாது. குறைக்க முடிந்தவை இரண்டுதான். ஒன்று ஆள்கூலி. எட்டுப் பேர் செய்ய வேண்டியதை ஐந்து பேர் செய்வார்கள். வங்கிக் கணக்கில் முழு ஊதியம் ஏறியபின் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்வதும் இந்தத் தொழிலில் உண்டு. மற்றொன்று எண்ணெய். காலையில் பூரி பொரித்த எண்ணெயில் மாலை போண்டா போடுவார்கள். மறுநாள் அதிலேயே புது எண்ணெயைக் கலப்பார்கள். பயன்படுத்திய எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உருவாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 சூலை முதல் வரம்பு வைத்திருக்கிறது. அதை நொடியில் அளக்கும் கையடக்கக் கருவி கடையில் கிடைக்கிறது. நான் எடுத்து நடத்திய இடங்களில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேண்டீனுக்குள் வந்த குழு உறுப்பினரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஆண்டுக்கு இரண்டு முறை திருத்தப்படும். உணவு விலை இரண்டு ஆண்டுகள் மாறக் கூடாது என்றால், நான்கு முறை கூலி உயரும்போதும் ஒப்பந்ததாரரின் வரவு அசையாமல் நிற்கும். நேர்மையாக நடத்த விரும்புபவர் அந்த வரியைப் படித்ததும் ஒப்பந்தப்புள்ளியை மூடி வைத்துவிடுவார். நானும் அப்படிப் பலவற்றை மூடி வைத்திருக்கிறேன். பிறகு யார் மிஞ்சுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் பிரிவு ஊழியர், திருச்சி

இவ்வளவு இரக்கத்தோடு பேசும் அன்பர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நிலையான ஊதியம் வாங்கும் அரசு ஊழியரின் மதியச் சாப்பாட்டுக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து மானியம் எதற்கு? நாடாளுமன்ற உணவகத்தை 1968 முதல் வடக்கு ரயில்வே நடத்தி வந்தது. 2020 நவம்பரில் அது இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் போனது. 2021 சனவரியில் மானியமும் நிறுத்தப்பட்டு, சைவச் சாப்பாடு 100 ரூபாய் ஆனது. உறுப்பினர்களுக்கே மானியம் இல்லாதபோது நமக்கு எந்த நியாயத்தில் கேட்பது? சந்தை விலைக்கு விற்கட்டும், வேண்டியவர் சாப்பிடட்டும், மற்றவர் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும்.

ரயில்வே தொழிற்சாலைத் தொழிற்சங்கத்தவர்

தோழர் சொன்ன எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அங்கே மானியத்தை நிறுத்தியபோது விலையை வெளிப்படையாக உயர்த்தினார்கள். நடத்துவதும் ஓர் அரசுக் கழகம்தான். அந்த முடிவு சரியா தவறா என்று எல்லாரும் விவாதிக்க முடிந்தது. இங்கே முன்வைக்கப்பட்டுள்ள வரைவு மானியம் இல்லை என்று சொல்லிவிட்டு, மானிய விலையை மட்டும் எதிர்பார்க்கிறது. அப்போது மானியம் மறைந்துவிடவில்லை. அதைத் தருபவர் மட்டும் மாறிவிட்டார். முன்பு அரசு தந்ததை இப்போது பாத்திரம் தேய்ப்பவர் தருகிறார். நான் எதிர்ப்பது இதைத்தான்.

ஏழைக்கு மலிவான உணவு வேண்டும் என்று தீர்மானித்தபோது அதை நேர்மையாகச் செய்த முன்மாதிரியும் நம் ஊரிலேயே உண்டு. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். விற்பனையில் வரும் குறைவை மாநகராட்சி தன் கணக்கில் ஏற்றது. அந்தத் தொகை எவ்வளவு என்று மாநகராட்சி மன்றத்திலும் செய்தித்தாளிலும் கேள்வி எழுந்தது, பதிலும் வந்தது. அங்கே சமைக்கும் மகளிர் குழுவினரின் கூலி போதாது என்பது என் கருத்து. ஆயினும் ஒரு ரூபாய் இட்லியின் சுமையை மாநகராட்சி ஏற்றது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு கேண்டீன் பணியாளரின் மகள்

இந்த விவாதத்தை முதலிலிருந்து படித்தேன். என் அம்மா ஓர் அரசு நிறுவனத்தின் வளாகத்தில் உள்ள கேண்டீனில் பாத்திரப் பகுதியில் நெடுங்காலமாக வேலை செய்கிறார். ஒப்பந்ததாரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அம்மா மட்டும் மாறவில்லை. புதியவர் வரும் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகவே பதிவாகிறார். வருங்கால வைப்புநிதியில் ஒரே எண்ணை வைத்தே எல்லாக் கணக்குகளையும் இணைக்கலாம் என்று சொல்கிறார்கள். ஆனால் பழைய ஒப்பந்ததாரர் விலகிய தேதியைப் பதிவு செய்யாமலே போய்விட்டால், அந்தக் கணக்கை மாற்ற அலைய வேண்டியவர் அம்மாதான். பணிக்கொடைக்குத் தொடர்ச்சியான சேவை வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு ஆண்டுகள் என்றால் அந்தத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்?

ஊதியம் தாமதமானால் நிறுவனத்தின் அதிகாரியிடம் போய்க் கேட்க அம்மாவுக்குத் துணிவு இல்லை. அவர் யாரிடம் வேலை செய்கிறார் என்பதே அவருக்கு உறுதியாகத் தெரியாது. உங்கள் மன்றத்திடம் நான் கேட்பது சிறிய ஒன்றுதான். வரப்போகும் பணியாளர்கள், குறையைச் சொல்ல ஒரு மனிதரின் பெயரையும் அறை எண்ணையும் அந்தச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போது பணியாளர்கள் மாற வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

தொழிலாளர் சட்ட வழக்கறிஞர், மதுரை

மகளுக்கு, உங்கள் அம்மாவின் சேவைத் தொடர்ச்சி பற்றி ஆவணங்களோடு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரை நேரில் பாருங்கள். நான் முன்பு குறிப்பிட்ட 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின்னணி அவருடையதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. பிந்தைய தீர்ப்புகள் வழியைக் குறுக்கியிருந்தாலும் முற்றிலும் அடைத்துவிடவில்லை. வைப்புநிதியைப் பொறுத்தவரை, ஒப்பந்ததாரர் கட்டத் தவறியதைக் கட்டும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கும் உண்டு என்பதை அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் நினைவூட்டலாம்.

மன்ற நண்பருக்கும் ஒன்று. நிர்வாகத்திடம் ஊதியச் சரிபார்ப்பு பற்றிப் பேசும்போது, அப்படிச் சரிபார்த்தால் நாளை அவர்கள் எங்களையே முதலாளி என்று வழக்குப் போடுவார்கள் என்று பதில் வரும். இந்த அச்சத்தால்தான் பல அலுவலகங்கள் ஒப்பந்தப் பணியாளரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இது ஆதாரமற்ற அச்சம். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கூலி வழங்கும்போது முதன்மை நிறுவனத்தின் பிரதிநிதி உடனிருந்து சான்றளிக்க வேண்டும் என்றும், ஒப்பந்ததாரர் தராவிட்டால் நிறுவனமே தந்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும் என்றும் இருந்தது. சட்டம் விதித்த கடமையைச் செய்வது முதலாளி என்பதற்கான சான்றாக எப்படி ஆகும்? ஒருவரை வேலைக்குத் தேர்ந்தெடுப்பது, விடுப்பு தருவது, தண்டிப்பது, அன்றாட வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது ஆகியவற்றில் தலையிட்டால்தான் சிக்கல். ஊதியச் சீட்டையும் வங்கிப் பட்டியலையும் மாதந்தோறும் கேட்டு வாங்குவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அரசு ஊழியர், பாலக்காடு

கேரளத்தில் பணியாற்றும் தமிழன் என்ற முறையில் ஒரு மாற்று வழியை நினைவூட்ட விரும்புகிறேன். 1950-களில் காபி வாரியம் தன் காபி இல்லங்களை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். இங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகங்களில் கூட அவர்களுடைய இந்தியன் காபி ஹவுஸ் இயங்குகிறது. பரிமாறுபவர் சங்கத்தின் உறுப்பினராகவும் இருப்பதால், லாபத்துக்காக அவருடைய கூலியில் கைவைக்க வெளியாள் எவரும் இல்லை. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் அரசு அலுவலகங்களில் கேண்டீன் நடத்துகின்றன. தமிழ்நாட்டிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆட்சியர் அலுவலக வளாகங்களில் உணவகம் நடத்துவதைப் பார்க்கிறோம். ஆனால் குழுக்களுக்குக் கொடுத்தாலும் விலையைக் கட்டுப்படுத்திவிட்டு ஈடு தராமல் இருந்தால், அந்தப் பெண்கள் தங்கள் உழைப்பையே மானியமாகத் தருவார்கள். முதலாளி இல்லாத இடத்திலும் அந்தக் கணக்கு மாறாது.

ஊழியர் மன்றப் பிரதிநிதி, சென்னை

எல்லாருக்கும் நன்றி. எங்கள் மன்றத்தின் சார்பில் நிர்வாகத்துக்கு அனுப்ப ஒரு குறிப்பை எழுதியிருக்கிறேன். அதன் உள்ளடக்கத்தை இங்கே வைக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஆள்கூலியை விலைப்போட்டியிலிருந்து முற்றிலும் வெளியே எடுக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. எத்தனை பேர், எந்தத் திறன் நிலையில் வேண்டும் என்பதை அலுவலகமே ஒப்பந்தப்புள்ளியில் குறிப்பிடும். அவர்களுக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தையும் வைப்புநிதி, இ.எஸ்.ஐ. பங்குகளையும், செலுத்தியதற்கான சான்றைப் பார்த்தபின் அலுவலகம் மாதந்தோறும் ஈடு செய்யும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் படி உயர்ந்தால் ஈடும் உயரும். ஒப்பந்ததாரர்கள் உணவின் விலையிலும் தங்கள் சேவைக் கட்டணத்திலும் மட்டுமே போட்டியிடுவார்கள். உணவின் விலையை ஆண்டுக்கு ஒரு முறை கேண்டீன் குழுவோடு பேசித் திருத்தலாம். ஒப்பந்ததாரர் மாறினாலும், தகுதியுள்ள பணியாளர்கள் தொடர விரும்பினால் அவர்களுக்கே முன்னுரிமை தரப்படும். குறைகேட்கும் அலுவலரின் பெயர் சமையலறைச் சுவரில் எழுதப்படும். எண்ணெய் அளக்கும் கருவி ஒன்றை மன்றமே தன் நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். இப்போதுள்ள மூவரும் அலுவலகத்தின் வேறு பிரிவுகளில் அமர்த்தப்படுவார்கள்.

திருச்சி அன்பரின் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். இது சாப்பாட்டுக்கான மானியமா என்றால், ஒரு பகுதி ஆம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. எங்கள் அலுவலகத்தில் உயர் அலுவலர்கள் மட்டும் இல்லை. தினக்கூலிக்கு வரும் தரவு உள்ளீட்டாளர்களும், ஓட்டுநர்களும், கோப்பு தேடி வெளியூரிலிருந்து வரும் முதியோரும் அந்த மேசையில்தான் உட்காருகிறார்கள். அவர்களுக்கு மலிவான உணவு தருவது தகும் என்று அலுவலகம் கருதினால் அந்தத் தொகையைத் தன் கணக்கில் எழுதட்டும். தகாது என்று கருதினால் விலையை உயர்த்தட்டும். இரண்டில் எதுவானாலும் நாங்கள் ஏற்போம்.

ஓய்வுபெற்ற நிர்வாக அலுவலர்

குறிப்பு நன்றாக வந்திருக்கிறது. ஒரு திருத்தம் சொல்கிறேன். குறைந்த விலைக்கே தர வேண்டும் என்று விதி இருக்கிறது என நிதிப் பிரிவு சொல்லக்கூடும். 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்களின்படி, தரம் முதன்மையானது என்று உரிய அதிகாரி அறிவித்தால் இத்தகைய சேவைகளிலும் தரத்துக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் தரலாம். முன்பு நடத்திய இடங்களில் ஊதியமும் வைப்புநிதியும் தவறாமல் செலுத்திய சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர், பணியாளர்களின் ஆண்டு மருத்துவச் சான்று ஆகியவற்றுக்கு அந்த மதிப்பெண்ணைப் பிரித்துக் கொடுக்கலாம். சேவைக் கட்டணம் சுழியம் என்று எழுதும் விலைப்புள்ளியை ஏற்கக் கூடாது என்றும் சேருங்கள். சுழியத்துக்கு வேலை செய்பவர் வேறெங்கோ எடுத்துக்கொள்வார் என்பது நிதி அமைச்சகத்துக்கும் தெரியும், அதற்கான ஆணையும் உண்டு.

உணவு ஒப்பந்தத் தொழிலில் இருந்தவர், கோவை

எனக்கு ஒரே ஓர் ஐயம். ஈட்டுத்தொகையை அலுவலகம் எத்தனை நாளில் தரும்? மூன்று மாதம் இழுத்தடித்தால், சிறிய ஒப்பந்ததாரர் வட்டிக்கு வாங்கித்தான் கூலி தருவார். பிறகு கூலியே தாமதமாகும். பில் கொடுத்த பதினைந்து நாளுக்குள் பணம், தவறினால் வட்டி என்று அலுவலகத்தின் மீதும் ஒரு நிபந்தனை வையுங்கள். நிபந்தனைகள் எல்லாம் ஒப்பந்ததாரருக்கு மட்டுமே என்று இருந்தால் நல்லவர்கள் வரமாட்டார்கள்.

ஊழியர் மன்றப் பிரதிநிதி, சென்னை

ஐயா சொன்ன மதிப்பெண் முறையையும், பதினைந்து நாள் நிபந்தனையையும் சேர்த்துவிட்டேன். கட்டடத்தின் ஒப்பந்தப் பணியாளர்களையும் கணக்கெடுத்தோம். துப்புரவு, காவல், தோட்டம் எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு பேர். கேண்டீனுக்கு எட்டுப் பேர் வந்தாலும் நாற்பத்தொன்பதுதான். வழக்கறிஞர் சொன்ன ஐம்பதுக்கு ஒருவர் குறைகிறார். ஆகவே ஊதியச் சரிபார்ப்பு பற்றிய நிபந்தனையைப் பின்னிணைப்பில் வைக்காமல் ஒப்பந்தத்தின் முதன்மைப் பகுதியிலேயே எழுதக் கேட்டிருக்கிறோம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் குறிப்பை முன்வைக்கிறோம். நிர்வாகத்தின் பதில் எழுத்தில் வந்ததும் இதே இழையில் இடுகிறேன்.